கணக்கில் வராத 12 சுற்றுகள்

கேள்வி: எனக்கு வயது 21. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். 11 வயதிலிருந்து கோல்ஃப் ஆடுகிறேன். இப்போது என் ஹேண்டிகேப், அதாவது குறையக் குறையத் தரம் கூடும் எண், பூஜ்யம். எங்கள் கிளப் சாம்பியன்ஷிப்பை இரண்டு முறை வென்றிருக்கிறேன். சென்ற மாதம் அதே மைதானத்தில் ஒரு சுற்றை 66 அடிகளில் முடித்தேன். மாலை நேரங்களில் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அதில் வரும் பணத்தில் பந்து, பயணம் போன்ற செலவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். படிப்பை நிறுத்திவிட்டு இந்த ஆண்டே தொழில்முறை ஆட்டக்காரனாகிவிடலாம் என்று நினைக்கிறேன். தம் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குச் செலவு செய்ய என் தந்தை தயாராக இருக்கிறார். எனக்கு அந்தத் தரம் இருக்கிறதா? தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் உண்மையில் எப்படிச் சம்பாதிக்கிறார்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் முன்பாக, கேட்காமல் போகிற போக்கில் எழுதிச் சென்ற ஒரு வரிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பணம் பெறுவதாக எழுதியிருக்கிறீர்கள். உலக அளவில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளின் அமெச்சூர் (தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்) தகுதி விதிகளின்படி, நேரில் ஆட்டத்தைக் கற்பித்து அதற்குப் பணம் வாங்குகிறவர் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுகிறார். தேசியச் சங்கம் முன்கூட்டியே ஒப்புதல் அளித்த பயிற்சித் திட்டத்தில் கற்பிப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. உங்கள் மாலை வகுப்புகள் அந்த விலக்குக்குள் வருமா என்று உங்கள் சங்கத்திடம் இந்த வாரமே எழுத்து மூலம் கேளுங்கள். வராது என்றால் வகுப்பை நிறுத்திவிட்டு, மீண்டும் அமெச்சூராக ஏற்கும்படி விண்ணப்பியுங்கள். அதற்கு விதிகளிலேயே வழி இருக்கிறது. ஒளித்துவைத்துப் பின்னால் யாரோ எடுத்துக்காட்டுவதைவிட, தானே முன்வந்து சொல்லிவிடுவது எப்போதும் நல்லது.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் இந்த ஆண்டு தொழில்முறைக்கு மாறக்கூடாது, அமெச்சூராகவே இன்னும் ஓராண்டாவது ஆட வேண்டும் என்பதுதான் என் ஆலோசனை. ஒன்பது ஆண்டுகள் இரண்டாம், மூன்றாம் நிலை டூர்களில் (தொழில்முறைப் போட்டித் தொடர்களில்) ஆடிவிட்டு, அதைவிட அதிக ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தொழில்முறை ஆட்டக்காரர் ஆவது ஒரு வாசலைத் தாண்டி உள்ளே போவது போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். கோல்ஃபில் அப்படி வாசல் எதுவும் இல்லை. நாளைக் காலையே நீங்கள் உங்களைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவித்துக்கொள்ளலாம். அந்த அறிவிப்பால் எந்த டூரிலும் ஆட்டத்தைத் தொடங்க ஒரு டீ நேரம்கூட உங்களுக்குக் கிடைத்துவிடாது. ஆனால் அமெச்சூர் போட்டிகளின் கதவுகள் அன்றே அடைபடும். முன்பெல்லாம் செலவுக்குப் பணம் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்தால், அதை வாங்குவதற்காகவே மாற வேண்டிய கட்டாயம் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இப்போது அமெச்சூர் ஒருவர் விளம்பரத்தில் தோன்றலாம், ஆதரவாளரிடமிருந்து போட்டிச் செலவுக்குப் பணம் பெறலாம். மட்டை நிறுவனத்தோடு ஒப்பந்தமும் செய்துகொள்ளலாம். போட்டியில் வெல்லும் பரிசுக்குத்தான் வரம்பு இருக்கிறது: 1,000 டாலர் அல்லது 700 பவுண்டு. ஆகவே, உங்கள் வயதில் அமெச்சூராக நீடிப்பதால் இழக்கக்கூடியது, இன்னும் நீங்கள் வெல்லத் தொடங்காத பரிசுப் பணம் மட்டுமே.

நீடிப்பதால் பெறக்கூடியது சிறியதன்று. ஹிதெகி மட்சுயாமா 2010-இலும் 2011-இலும் ஆசிய பசிபிக் அமெச்சூர் போட்டியை வென்றவர். அந்த வெற்றிதான் அவரை, ‘மேஜர்’ எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸுக்கு அழைத்துச் சென்றது, பத்தாண்டுகள் கழித்து 2021-இல் அதே மாஸ்டர்ஸை அவர் வென்றார். லிடியா கோ 2012-இல் 15 வயதில் கனடாவின் மகளிர் ஓப்பன் போட்டியை அமெச்சூராகவே வென்று, மறு ஆண்டும் அதே பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட பிறகுதான் தொழில்முறைக்கு மாறினார். 2024 ஜனவரியில் நிக் டன்லப் என்ற 20 வயது கல்லூரி மாணவர் அமெரிக்காவின் முதல்நிலைத் தொடரான பிஜிஏ டூரின் போட்டி ஒன்றை வென்றார்; 1991-இல் ஃபில் மிக்கெல்சனுக்குப் பிறகு அமெச்சூர் ஒருவர் அவ்வாறு வென்றது அதுவே முதல் முறை. முதல் பரிசான 15 லட்சத்து 12 ஆயிரம் டாலர், அமெச்சூர் அதை வாங்க முடியாது என்பதால், இரண்டாவதாக வந்த கிறிஸ்டியான் பெசெய்டென்ஹவுட்டுக்குப் போனது. டன்லப் சில நாள்களில் தொழில்முறைக்கு மாறிவிட்டார். இவர்களுடைய திறமை உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இனிமேலும் அமெச்சூராக ஆடுவதில் பொருளில்லை என்று ஸ்கோரே சொல்லும் அளவுக்கு வந்த பிறகு அவர்கள் மாறினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஸ்கோர் அப்படிச் சொல்கிறதா என்பதற்கு இப்போது வருகிறேன். ஹேண்டிகேப் பூஜ்யம் என்பது உண்மையிலேயே பெருமைக்குரியது. உலகில் கோல்ஃப் ஆடுபவர்களில் மிகச் சிலரே அங்கே வந்து சேர்கிறார்கள். ஆனால் அந்த எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, உங்களுடைய கடைசி 20 சுற்றுகளில் மிகச் சிறந்த 8-ஐ எடுத்து அவற்றின் சராசரியைப் போடுகிறது. மீதி 12 சுற்றுகள் கணக்கிலேயே வருவதில்லை. வெவ்வேறு தரத்தில் உள்ள இருவர் ஒரு மாலைப்பொழுதில் சேர்ந்து ஆடுவதற்கு அது மிக நேர்மையான ஏற்பாடு. போட்டியிலோ, நீங்கள் மறக்க விரும்புகிற அந்த 12 சுற்றுகளும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்காக (அடியாக) எண்ணப்படும். நான் பார்த்த வரையில், பூஜ்ய ஹேண்டிகேப் உள்ள இளைஞர் ஒருவரின் 20 சுற்றுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அது மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்கைவிட (பூஜ்ய ஹேண்டிகேப் உள்ளவரிடம் அங்கே எதிர்பார்க்கப்படும் ஸ்கோரைவிட) இரண்டு மூன்று ஸ்ட்ரோக் கூடுதலாகவே வருகிறது. நான்கு நாள் போட்டியில் அது 8 முதல் 12 ஸ்ட்ரோக். டூர் போட்டிகள் நடப்பதோ பெரும்பாலும் 7,200 யார்டுக்கும் மேலான நீளத்தில், குழி அமைந்த குறும்புல் பரப்பான கிரீனின் ஓரத்தில் குழியை ஒளித்துவைத்திருக்கும் மைதானங்களில். அங்கே முழுத் தகுதி பெற்று ஆடுபவர்களுக்குள் முதல் வரிசைக்கும் வேலையைத் தக்கவைத்துக்கொள்ளப் போராடும் கடைசி வரிசைக்கும் ஒரு சுற்றுக்கு உள்ள இடைவெளி ஏறத்தாழ இரண்டு ஸ்ட்ரோக்தான். அந்தக் கடைசி வரிசையையே நீங்கள் இன்னும் பல ஸ்ட்ரோக் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனவே அந்த 66-ஐச் சற்று மறந்துவிடுங்கள். அது எந்த மரத்தின் கிளை எங்கே நீண்டிருக்கிறது என்பதுகூடத் தெரிந்த மைதானத்தில், உங்களுக்குக் கை வந்த ஒரு நாளில் அடித்தது. கடைசியாக ஆடிய 20 போட்டிச் சுற்றுகளின் ஸ்கோர்கார்டுகளை எடுங்கள். நண்பர்களோடு ஆடியவை வேண்டாம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்த மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்கை எழுதி, அதை ஸ்கோரிலிருந்து கழியுங்கள். பிறகு மிக மோசமான ஐந்து கார்டுகளைத் தனியே வைத்து, ஸ்ட்ரோக்குகள் எங்கே போயின என்று குழி குழியாகப் பாருங்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இரண்டாம் சுற்றின் கடைசிக் குழி. வார இறுதிக்குப் போகிறவர்களையும் வீடு திரும்புகிறவர்களையும் பிரிக்கும் கட் கோட்டின் மேல் நான் சரியாக நின்றிருந்தேன். பார் போட்டால், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடிகளில் முடித்தால், சனி, ஞாயிறு ஆடலாம். எனக்கு நான்கு அடித் தூரத்தில் ஒரு பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) மிச்சமிருந்தது, லேசாக இடமிருந்து வலமாகச் சரியும் பட். முன்னால் ஆடிப் போனவர்களின் ஷூ ஆணிகள் குழியைச் சுற்றிப் புல்லைக் கிளப்பிவிட்டிருந்தன. இப்போது அவற்றைத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். 2019-க்கு முந்தைய விதியில் அதற்கு இடமில்லை. மட்டைப் பையைச் சுமக்கும் என் கேடி குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் அடித்தேன். பந்து வலது விளிம்பைத் தொட்டுக் கால் வட்டம் சுற்றி வெளியே நின்றது. ஸ்கோரைச் சரிபார்க்கும் கூடாரத்தில் பென்சிலால் 5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விடுதியில் மீதி இரண்டு இரவுகளை ரத்து செய்யப் போனேன். அந்த வாரத்தில் என் வருமானம் சுழியம், கேடியின் கூலி என் கையிலிருந்து.

அந்தப் பட்டைத்தான் பல மாதங்கள் நொந்துகொண்டிருந்தேன். தினமும் நான்கு அடியிலிருந்து 100 பட் போட்டுப் பழகினேன். பிறகு ஒருநாள் என் பயிற்சியாளர் அந்த இரண்டு சுற்றுகளின் கார்டுகளை மேசைமேல் விரித்துவைத்து, வியாழக்கிழமையின் ஐந்தாவது குழியில் விரலை வைத்தார். அங்கே டபுள் போகி, பாரைவிட இரண்டு அடி கூடுதல். தொடக்க இடமான டீயிலிருந்து அடித்த பந்து மரங்களுக்குள் போயிருந்தது. பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (புல் வெட்டிய ஆட்டப் பாதைக்கு) எடுத்துவிட்டு, ஓர் அடி மட்டும் கூடுதலான போகியோடு நடந்திருக்கலாம். நான் இரண்டு மரங்களுக்கு நடுவே இரண்டு முழ இடைவெளி தெரிந்ததைப் பார்த்துவிட்டு, ஆறாம் எண் அயர்னை எடுத்து நேராகக் கிரீனுக்கே அடித்தேன். பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போனது. வெள்ளிக்கிழமை மாலை தொலைந்ததாக நான் நினைத்த ஸ்ட்ரோக், வியாழக்கிழமை காலையிலேயே அந்த மரங்களுக்கு இடையில் கிடந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூரில் பதிவான லட்சக்கணக்கான ஷாட்டுகளை ஆராய்ந்து, ஆட்டக்காரர்களுக்கு இடையிலான ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்டுகளால் உண்டாகிறது என்று காட்டினார். எட்டு அடித் தூரத்திலிருந்து பட் செய்யும்போது உலகின் சிறந்தவர்களே இரண்டில் ஒரு முறைதான் குழியில் போடுகிறார்கள். உங்கள் மோசமான ஐந்து கார்டுகளிலும் பட்டிங்கைப் பழிப்பதற்கு முன் இதை நினைவில் வைத்திருங்கள்.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். டூர் ஆட்டக்காரருக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. பிஜிஏ டூரின் வழக்கமான போட்டி ஒன்றில் இரண்டு சுற்றுகள் முடிந்ததும் முதல் 65 இடங்களில் உள்ளவர்களும் அந்த 65-ஆம் இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் வார இறுதிக்குப் போகிறார்கள். ஆடத் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பரிசின்றித் திரும்புகிறார்கள். மொத்தப் பரிசுத் தொகையை 100 பங்காகக் கொண்டால் வென்றவருக்கு வழக்கமாக 18 பங்கு, இரண்டாமவருக்கு 10.9, மூன்றாமவருக்கு 6.9. பத்தாம் இடத்துக்கு வரும்போது அது மூன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 65-ஆம் இடத்துக்கு 0.2 பங்கை ஒட்டியே கிடைக்கும். பாதிப் பேரை வென்று நான்கு நாளும் ஆடியவரைவிட முதலிடம் பெற்றவர் 80 மடங்குக்கு மேல் வாங்குகிறார் என்று பொருள். அந்த டூருக்கு ஒரு படி கீழே உள்ள கார்ன் ஃபெர்ரி டூரில் ஒரு போட்டியின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர் அளவில் இருக்கிறது. அதற்கும் கீழே உள்ள டூர்களில் முதல் இருபது பேருக்குள் வந்தவரே பயணச் செலவை எடுக்கத் திணறுவதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். வந்த பணத்திலிருந்து கேடிக்கு வாரக் கூலி போக, வென்றால் 10 சதவீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, மற்ற நேரங்களில் 5 என்று கொடுப்பது வழக்கம். ஆடிய நாட்டிலேயே வரி பிடித்துக்கொள்வார்கள். பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர், நுழைவுக் கட்டணம், விமானம், விடுதி ஆகியவை பரிசு வந்தாலும் வராவிட்டாலும் நிற்காத செலவுகள். மட்டை நிறுவனங்களின் பெரிய ஒப்பந்தங்கள் தரவரிசையைப் பார்த்து வருபவை. கீழ்நிலையில் பந்தும் கையுறையும் இலவசமாகக் கிடைத்தால் அதையே நல்ல ஒப்பந்தம் என்போம்.

மேலே போகும் வழிகளும் ஆண்டுக்கு ஆண்டு குறுகிவருகின்றன. கார்ன் ஃபெர்ரி டூரிலிருந்து பிஜிஏ டூருக்கு ஆண்டுதோறும் 30 பேர் போய்க்கொண்டிருந்தது 2025-இல் 20 ஆகக் குறைந்தது. பிஜிஏ டூரில் ஆண்டு இறுதிப் பட்டியலின்படி முழுத் தகுதியைத் தக்கவைப்பவர்களின் எண்ணிக்கை 2026 முதல் 125-இலிருந்து 100 ஆகிவிட்டது. கியூ ஸ்கூல் என்று நாங்கள் சொல்லும் அந்த டூரின் தகுதிச் சுற்றுகளில், பல கட்டங்களைத் தாண்டி இறுதிக் கட்டத்துக்கு வருபவர்களில் முதல் ஐந்து இடங்களுக்கே நேரடி வாய்ப்பு. ஐரோப்பாவை மையமாகக் கொண்ட டிபி வேர்ல்ட் டூரின் தகுதிச் சுற்றில் இறுதிக் கட்டம் 6 சுற்றுகள், 108 குழிகள். அந்த ஆறாவது நாளில்தான் ஒருவருடைய மோசமான சுற்று எத்தகையது என்பது தெரியவரும்.

நீங்கள் குறிப்பிடாத இன்னொரு பாதையும் உண்டு. ‘புரோ’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு தொழில்களை அழைக்கிறோம். கிளப்பில் கற்றுக்கொடுத்து, மட்டைகளைப் பொருத்தித் தந்து, போட்டிகளை நடத்தி, கடையையும் கவனித்துக்கொள்ளும் தொழில்முறையாளர்தான் இந்தச் சொல்லுக்கு மூத்த உரிமையாளர். பிரிட்டனில் 1901-இலும் அமெரிக்காவில் 1916-இலும் அவர்களுக்காகவே பிஜிஏ சங்கங்கள் தோன்றின. டூர் ஆட்டக்காரர்கள் அமெரிக்கச் சங்கத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பானது 1968-இல்தான். கிளப் புரோ வேலை பல ஆண்டுப் பயிற்சியும் தேர்வுகளும் கொண்ட, மாதாமாதம் வருமானம் வரும் தொழில். தோற்றவர்கள் ஒதுங்கும் இடமாக இதைப் பேசுவோரைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது, நான் இத்தொழிலில் இருப்பதால் மட்டுமல்ல. 2023 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் மைக்கேல் பிளாக் என்ற கிளப் புரோ, கடைசி நாளில் நட்சத்திர ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயோடு ஆடி, ஒரே ஷாட்டில் குழியில் போட்டு, 15-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த வாரமே சிறப்பு அழைப்பில் ஆடிய டூர் போட்டியின் முதல் சுற்றில் அவர் 81 அடித்தார். இவ்விரண்டு வாரங்களையும் சேர்த்துப் படித்தால்தான் டூர் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது புரியும். உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் விருப்பம் இருப்பது தெரிகிறது. அதை முறையாகச் செய்யும் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் சேர்ந்தாலும் அமெச்சூர் தகுதி போய்விடும் என்பதால், அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

படிப்பை நிறுத்த வேண்டாம். மிச்சமிருப்பது ஓர் ஆண்டு. லாரி நெல்சன் ராணுவத்திலிருந்து திரும்பி 21 வயதில்தான் மட்டையைப் பிடித்தார். மூன்று மேஜர் பட்டங்களை வென்றார். பாட்ரிக் ஹாரிங்டன் கணக்கியல் படித்து முடித்து 24 வயதில் தொழில்முறைக்கு வந்தவர். அவருக்கும் மூன்று மேஜர்கள். ஃபில் மிக்கெல்சன் 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை 50 வயதில் வென்றார். ஓர் ஆண்டு தாமதித்தால் வயது போய்விடும் என்ற அச்சம் மற்ற பல விளையாட்டுகளில் நியாயமானது. இங்கே அதற்கு அவ்வளவு இடமில்லை. இடுப்பை ஒட்டிய கீழ் முதுகுப் பகுதியை மட்டும் இப்போதிருந்தே ஒரு நல்ல உடலியக்க மருத்துவரிடம் காட்டிவாருங்கள். இந்தத் தொழிலில் அதிகம் பேரை வீட்டுக்கு அனுப்புவது அதுதான்.

தந்தையின் சேமிப்பைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் அது உங்கள் குடும்பத்தின் முடிவு. இருந்தாலும் நீங்களே குறிப்பிட்டுவிட்டீர்கள். ஓய்வுக்காலத்துக்கு என்று எடுத்துவைத்த பணத்தைத் தொடாதீர்கள். அவர் வேறு பணம் தர விரும்பினால், முதலில் ஒரு முழுப் பருவத்தின் செலவை வரிவரியாக எழுதி அவர்முன் வையுங்கள். ஒரு பரிசும் வராது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டு பருவங்களுக்கான தொகை முழுதாகக் கையில் இருந்தால் மட்டுமே தொடங்குங்கள், பாதிப் பணத்தோடு கிளம்பினால் ஒவ்வொரு பட்டிலும் அடுத்த மாத விடுதி வாடகை தெரியும். எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்பதையும் தொடங்குமுன்பே இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். வெளியார் யாராவது முதலீடு செய்ய வந்தால், அவருக்குரிய பங்கு செலவு போகவா, செலவுக்கு முன்பா, அதற்கு உச்சவரம்பு என்ன, எந்தத் தேதியில் முடிகிறது ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். என் மாணவர் ஒருவர் செலவைக் கழிக்காமல் பரிசில் பாதி என்றும், முடிவுத் தேதி இல்லாமலும் கையெழுத்திட்டுவிட்டு வந்து காட்டினார். நல்ல ஆண்டு ஒன்று வாய்த்தபோது, அந்த ஆண்டின் முடிவில் அவர் கையில் மிஞ்சியது கடன்தான்.

என் அளவுகோல் இது: 20 போட்டிச் சுற்றுகளின் முழுச் சராசரி, சிறந்த எட்டின் சராசரி அல்ல, கோர்ஸ் ரேட்டிங்கைவிட இரண்டு ஸ்ட்ரோக்காவது குறைவாக இருக்க வேண்டும், அந்த இருபதில் குறைந்தது 12 சுற்றுகள் நீங்கள் அதற்கு முன் ஆடியிராத மைதானங்களில் ஆடியவையாக இருக்க வேண்டும். உங்கள் சங்கம் அமெச்சூர் தகுதி குறித்து என்ன பதில் தருகிறது என்பதையும், இப்போதுள்ள 20 கார்டுகளின் எண்களையும், மோசமான ஐந்தில் எந்தெந்தக் குழிகளில் டபுள் போகி வந்தது என்ற விவரத்தையும் சேர்த்து மீண்டும் எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கு எந்தெந்த அமெச்சூர் போட்டிகளுக்கு விண்ணப்பிப்பது என்பதை அவற்றைப் பார்த்தபின் சொல்கிறேன்.